ஆறு நிமிடப் பறப்பு

அத்தியாயம் ஐந்து

ஜெயரூபன் தான் சாகாமல் தப்பிய கதையை நான்காவது தடவையாகத் தொடங்கினார்.

முதல் தடவை சொன்னபோது எஞ்சின் நின்ற உயரம் நானூறு அடி. அடுத்த இரண்டு தடவையும் ஐந்நூறு. இப்போது அறுநூற்றைம்பதில் வந்து நின்றது. இன்னும் இரண்டு தரம் சொல்லவிட்டால் மனுசன் சந்திரனிலிருந்துதான் விழுந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு ஞானசவுந்தரி கொட்டாவியை உதட்டுக்குள் மடக்கினாள்.

"எஞ்சின் படக்கெண்டு நிண்டிட்டுது, தங்கச்சி. ஒரு சத்தம் இல்லை. காத்து மட்டும் விசிலடிக்குது. கீழ பரவைக்கடல். பக்கத்தில மனிசி. வேற ஒருத்தன் எண்டால் அந்த இடத்திலயே ஆள் முடிஞ்சுது. நான் பதறேல்ல. தடியை நெஞ்சோட சேர்த்து இழுத்துப் பிடிச்சன். மூக்கு மேல எழும்பிச்சுது. பூப் போலக் கொண்டுவந்து வைச்சன்."

பூ அவர்களுக்கு முன்னால்தான் கிடந்தது. விமானத்தின் முன்விசிறி முறிந்து, சக்கரச் சில்லு ஒன்று வெளிப்பக்கமாக மடிந்து, வயிறு முழுக்கக் காய்ந்த சேற்றோடு, ஜெயரூபன் வீட்டுப் பழைய புகையிலைக் கொட்டிலின் நடுவே.

"தாழம்பூவாக்கும்," என்றார் பத்திநாதர், யாருக்கும் என்றில்லாமல்.

பத்திநாதருக்கு அறுபத்து மூன்று வயது. ஊர்காவற்றுறை ஆள். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஓடுகிற படகுகளில் முப்பது வருசம் எஞ்சின்காரராக இருந்தவர். வாயை மூடி வைத்திருக்கத் தெரியாத காரணத்தால் மூன்று படகு முதலாளிமார் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். நான்காவதாக ஞானசவுந்தரி எடுத்துக்கொண்டாள். அவள் இருபத்திரண்டு வருசம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக நொறுங்கிய வாகனங்களைப் பார்த்தவள். பிரேக் பிடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிற சாரதியின் முகத்தைப் பார்த்தே பிரேக் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவாள். இப்போது யாழ்ப்பாணத்தில் சொந்தமாக ஒரு விசாரணை நிலையம், ஒரு பழைய கார், பத்திநாதரின் வாய். அவ்வளவுதான் அவளுடைய படை.

ஜெயரூபன் இறுப்பிட்டிக்காரர். சுவிசில் முப்பது வருசம் இருந்துவிட்டு, இரண்டு பெரிய மரப்பெட்டிகளோடு ஊருக்கு வந்தவர். பெட்டிகளுக்குள் துண்டு துண்டாக ஒரு சின்ன விமானம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பறக்கலாம். மூக்கை ஏற்றி இறக்கி ஓட்ட இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தடி. பதினாலு மாதமாகத் தன் கையாலேயே பொருத்திப் பூட்டியதாக அவர் உலகத்துக்கு அறிவித்திருந்தார். பூட்டியது மடத்துவெளி மெக்கானிக் பிரவீனன். ஆணி இறுக்குகிற சாவியைப் பிடித்தபடி படத்துக்கு நின்றது ஜெயரூபன்.

போன கிழமை, வெள்ளிக்கிழமை காலை, மாடு மேய்கிற தரவையில் பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, கைப்பேசியில் நேரடி ஒளிபரப்பும் வைத்து விமானம் எழும்பியது. இடப்பக்கம் ஜெயரூபன், வலப்பக்கம் அவர் மனைவி பிரியவதனி. ஆறாவது நிமிடம் எஞ்சின் நின்றது. மடத்துவெளிக்கு முன்னால், முழங்காலளவு தண்ணீரில் விமானம் சறுக்கிப் போய்ச் சேற்றில் மூக்கைக் குத்தியது. ஜெயரூபனின் நெற்றியில் ஒரு கீறல். கரைக்கு வந்ததும் அந்தக் கீறலுக்கு மேலே மாலை விழுந்தது.

பின்னேரம், கொட்டிலுக்கு இழுத்துவந்த விமானத்தின் பெற்றோல் தாங்கிக்குள் சீனி கண்டுபிடிக்கப்பட்டது. விடிய பிரவீனனைப் பொலிஸ் கொண்டுபோனது. எட்டு நாளாக விளக்கமறியல் சிறை. திங்கட்கிழமை மறுபடி நீதிமன்றம்.

ஞானசவுந்தரியைக் கூப்பிட்டது ஜெயரூபனேதான். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அதிகாரிகள் விமானத்தைப் பார்க்க வருகிறார்கள். அதற்கு முதல் 'சதி' என்று ஒரு அறிக்கை அவர் கையில் இருக்கவேண்டும். "முடிவு எனக்குத் தெரியும், நீங்கள் எழுதித் தந்தால் மட்டும் காணும்," என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவள் வேலையை ஏற்றாள். அப்படிச் சொன்னவர்களின் வாகனங்களைத்தான் அவள் இருபத்திரண்டு வருசமும் பார்த்தவள்.

"இந்தா பாருங்கோ சாமான்." ஜெயரூபன் ஒரு போத்தலைத் தூக்கிப் பிடித்தார். மேலே பெற்றோல், அடியில் வெள்ளையாகச் சீனி. "பொலிஸ் ஒரு போத்தல் கொண்டுபோனது. இது எனக்கு வைச்சது."

"நினைவுப் பொருளோ?" என்றார் பத்திநாதர்.

"பிரவீனன்தான் போட்டவன் எண்டு எப்பிடித் தெரியும்?" ஞானசவுந்தரி கேட்டாள்.

"பறக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னம் என்னோட கொளுவினவன். வேலையை விட்டிட்டுப் போறன் எண்டு கத்தினான். போகேக்க என்ன சொன்னவன் தெரியுமே? 'மூடியில கை வையாதேங்கோ!' பெற்றோல் மூடியைக் காட்டித்தான் சொன்னவன். என்ர ட்ரைவரும் கேட்டவன். உள்ளுக்குச் சீனியைப் போட்டுப்போட்டு, நான் திறந்து பாத்திடுவன் எண்ட பயத்தில உளறியிருக்கிறான். பொலிஸ் இதை அப்பிடியே எழுதியிருக்கு."

எழுதியிருக்கும். சிந்திப்பதைவிட எழுதுவது சுலபமான வேலை.

"எங்களை வேலையில இறங்கவிடுறியளோ, பாப்பம்?" என்றாள் ஞானசவுந்தரி.

பத்திநாதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விமானத்தின் மூக்குக்குள் தலையை விட்டார். எஞ்சினுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கி. அதன் மூடி மட்டும் வெளியே, கண்ணாடிக்கு நேர் முன்னால் தெரிந்தது. சிறிது நேரத்தில் அவர் விரல் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற பெற்றோலை வடிக்கிற குழல்.

"என்ன அண்ணை?"

"தேவாலயத்துத் தீர்த்தம் மாதிரி இருக்கு, பிள்ளை. ஒரு மணி சீனி இல்லை."

"அது சேத்தில விழேக்க கழுவுப்பட்டிருக்கும்," என்றார் ஜெயரூபன் அவசரமாக.

"ஓமோம். சேறு நல்லாக் கழுவும். என்ர மனிசியும் சேத்திலதான் உடுப்புத் தோய்க்கிறவ."

பிரியவதனி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஐம்பதுக்குக் கிட்டிய வயது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, போகவும் இல்லை, நிற்கவும் இல்லை என்கிற மாதிரி நிலையோரம் சாய்ந்தாள். ஜெயரூபனுக்குக் கதை கேட்க இன்னுமொரு ஆள் கிடைத்த உற்சாகம்.

"எழுநூறு அடியில, தங்கச்சி, எஞ்சின் நிக்கிறது எண்டால்..."

"முன்னூற்றி இருபது," என்றாள் பிரியவதனி.

ஜெயரூபன் அவளைப் பார்த்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞானசவுந்தரி விமானத்தின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். இருக்கைகளுக்கு மேலே, கூரையோடு குறுக்காக ஒரு இரும்புக் குழாய். வெள்ளை பூசியது. இடப்பக்க இருக்கைக்கு நேர் மேலே, தோள் அகலத்துக்கு இரண்டு இடத்தில் பூச்சு உரிந்து கிடந்தது. இருக்கைப் பைக்குள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று: விமானத்தோடு வந்த கையேடு. ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து. அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இது எனக்கு வேணும். பின்னேரம் தாறன்."

"வைச்சிருங்கோ, வைச்சிருங்கோ. நான் உதுகள் பாக்கிறேல்ல. பறக்கிறது ரத்தத்தில இருக்கவேணும்."

அவருடைய ரத்தத்தில் என்னென்ன இருக்கும் என்று ஞானசவுந்தரிக்கு ஓரளவு பிடிபடத் தொடங்கியிருந்தது.

கார் படலையைத் தாண்டியதும் பத்திநாதர் சொன்னார்: "பிள்ளை, குறிகாட்டுவானுக்கு விடு. உனக்கு ஒரு சாமான் காட்டவேணும்."

"சீனி எப்ப போட்டதெண்டு விளங்குது, அண்ணை. எஞ்சின் ஓடேக்க உள்ள கிடந்திருந்தால் வடியில ஒரு மணியாவது நிண்டிருக்கும். எஞ்சின் நிண்ட பிறகுதான் ஆரோ போட்டது."

"அது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சீனி இல்லாமல் எஞ்சின் ஏன் நிண்டது? அதைச் சொல்லு பாப்பம்."

கார் குறிகாட்டுவான் இறங்குதுறையில் போய் நின்றது. பத்திநாதர் தனக்குத் தெரிந்த ஒரு மீன்காரனைக் கூப்பிட்டு, வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சின்னப் படகில் அவளை ஏற்றினார். பெற்றோல் தாங்கி காலடியில் இருந்தது. மூடியின் நடுவில் ஒரு சின்னத் திருகாணி. அதை அவர் இறுக்கி மூடினார்.

"இப்ப ஓட்டு, தம்பி."

எஞ்சின் நல்ல சுகமாகத்தான் ஓடியது. படகு துறையைவிட்டு விலகி நயினாதீவுப் பக்கம் திரும்பியது. ஞானசவுந்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம் ஆனதும் எஞ்சின் ஒரு தரம் விக்கியது. இன்னொரு தரம் விக்கியது. பிறகு செத்துப்போனது.

"தாங்கியைப் பார், பிள்ளை."

தாங்கியின் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக் கிடந்தது, பல்லில்லாத மனுசன் சுருட்டு இழுக்கிற கன்னம் மாதிரி.

"பெற்றோல் வெளியில போகப் போக, அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரவேணும். வராட்டி எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் பெற்றோல் வராது. இந்தத் திருகாணியைத் திறக்க மறந்து நடுக்கடலில நிண்ட ஆக்களை நான் எத்தினை பேரைக் கண்டிருப்பன்! படகு நிண்ட உடன எல்லாரும் அம்மாளைக் கூப்பிடுவினம். நான் மூடியைத் திறப்பன்." திருகாணியைத் தளர்த்தினார். 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு தாங்கி நிமிர்ந்தது. "அந்தாளின்ர தாங்கிக்கும் ரெண்டு கன்னமும் உள்ளுக்குப் போய்த்தான் கிடக்கு. மெல்லிசுப் பிளாஸ்டிக், மடிஞ்சது மூடியைத் திறந்த பிறகும் நிமிரேல்ல. மோதினதில நெளிஞ்சால் முன்பக்கமெல்லோ நெளியவேணும்?"

"அதின்ர மூடியிலயும் துவாரம் இருக்கோ?"

"இருக்கு. குண்டூசித் தலை அளவு. இப்ப திறந்துதான் கிடக்கு. ஆனால் மூடியைச் சுத்தி வட்டமாப் பசை. பசையில தூசி ஒட்டிக் கிடக்கு. ஏதோ ஒண்டு ஒட்டி, பேந்து உரிச்சிருக்கு."

ஞானசவுந்தரி கைப்பேசியை எடுத்து அந்த நேரடி ஒளிபரப்பைத் தேடிப் பிடித்தாள். பதினெட்டு நிமிடம் பேச்சு, ஆறு நிமிடம் பறப்பு. ஐயர் விமானத்தின் மூக்குக்குச் சந்தனம் வைக்கிற இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள்.

பெற்றோல் மூடிக்கு மேலே வட்டமாக, பளபளவென்று ஒட்டிய ஒரு ஸ்ரிக்கர். ஸ்ரிக்கரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தது ஜெயரூபனின் முகம்.

படகு ஆடுகிற அளவுக்குப் பத்திநாதர் சிரித்தார். "தன்ர மூஞ்சையால பிளேனின்ர மூக்கைப் பொத்தியிருக்கிறார்!"

ஞானசவுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. 'மூடியில கை வையாதேங்கோ.' அந்தப் பொடியன் மிரட்டவும் இல்லை, உளறவும் இல்லை. இதை ஒட்டாதே, ஒட்டினால் செத்துப்போவாய் என்று சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் எட்டு நாள் சிறை.

"ஸ்ரிக்கரை எரிச்சிருப்பார், அண்ணை. அது இல்லாட்டி இது வெறும் கதை."

"எரிக்கிறதோ? தன்ர முகத்தையோ?" பத்திநாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளை, நீ மனிசரை இன்னும் வடிவாப் படிக்கேல்ல. அந்த வீட்டில எங்கயோ அது ஒட்டியிருக்கும். பூ வைச்சும் இருக்கும்."

புதுப் பூ வைக்கவில்லை. அதைத் தவிர மற்றதெல்லாம் பத்திநாதர் சொன்னபடியேதான் இருந்தது.

மூன்று மணிபோல் அவர்கள் திரும்பி வந்தபோது, விறாந்தையில் கண்ணாடி அலுமாரி ஒன்று புதிதாக நின்றது. அதற்குள் முறிந்த முன்விசிறித் துண்டு, காய்ந்த மாலை, ஒரு தலைக்கவசம். தலைக்கவசத்தின் நெற்றியில் அதே கறுப்புக் கண்ணாடி, அதே சிரிப்பு.

"உதைக் கொஞ்சம் பாக்கலாமோ?" ஞானசவுந்தரி கேட்டாள்.

ஜெயரூபன் சந்தோசமாகவே எடுத்துக் கொடுத்தார். தன்னை யாரும் பார்க்கக் கேட்டு அவர் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

பத்திநாதர் ஸ்ரிக்கரின் மேல் பெருவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். முகத்தின் மூக்கு நுனியில் நகம் நின்றது. அங்கே ஒரு குண்டூசித் தலை அளவு குழி. உள்ளிருந்து ஏதோ உறிஞ்சி இழுத்த மாதிரி ஸ்ரிக்கர் அமுங்கி இருந்தது. ஓரத்தைச் சுற்றி மூடியின் விளிம்பு பதிந்த வட்டம்.

"இது மூடியில இருந்து உரிச்சது," என்றாள் ஞானசவுந்தரி. "பிளேன் எழும்பேக்க மூடியில இருந்தது, வீடியோவில இருக்கு. காத்துப் போற துவாரத்தை இது அடைச்சது. ஆறு நிமிசத்தில எஞ்சின் மூச்சு முட்டி நிண்டது. பின்னேரம் நீங்கள் இதை உரிச்சுப்போட்டு மூடியைத் திறந்தனீங்கள். 'ஸ்ஸ்' எண்டு ஒரு சத்தம் கேட்டிருக்குமே?"

ஜெயரூபன் அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

"அப்பதான் உங்களுக்கு விளங்கினது. கொழும்பு ஆக்கள் வந்தால் உங்கட முகத்தாலதான் பிளேன் விழுந்தது எண்டு எழுதுவினம். குசினிக்குப் போய்ச் சீனியை எடுத்தனீங்கள். பிரவீனன் கத்தினதை ட்ரைவர் கேட்டது உங்களுக்கு வாய்ப்பாப் போச்சு."

"தங்கச்சி..."

"நான் உங்கட தங்கச்சி இல்லை. என்ர கூடப்பிறந்ததுகளை எண்ணிப் பாத்திட்டன்."

ஜெயரூபன் கதிரையில் அமர்ந்தார். தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் வெட்கம் இருக்கவில்லை, பேரம்தான் இருந்தது.

"சரி. ஒரு பிழை நடந்துபோச்சு. நான் பொலிசுக்குப் போய் அவனில சந்தேகமில்லை எண்டு சொல்லுறன், பொடியன் வெளியில வரட்டும். எஞ்சின் தன்ரபாட்டில நிண்டது எண்டு எழுதுங்கோ. ஸ்ரிக்கர் கதை வேண்டாம். ஏனெண்டால் ஒண்டை நீங்கள் மறக்கக்கூடாது. எஞ்சின் ஏன் நிண்டாலும், அதை இறக்கினது நான். ரெண்டு உயிரைக் காப்பாத்தினது நான். அதை ஒருத்தரும் என்னட்டை இருந்து பறிக்க ஏலாது."

ஞானசவுந்தரி கைப்பையைத் திறந்து கையேட்டை எடுத்தாள்.

"எஞ்சின் நிண்ட உடன தடியை நெஞ்சோட இழுத்தனெண்டு சொன்னீங்கள், என்ன?"

"ஓம். மூக்கை மேல தூக்கினன்."

"நாலு தரமும் அதையேதான் சொன்னீங்கள். இந்தப் புத்தகத்தில அதுக்குத் தனிப் பக்கம் இருக்கு, சிவப்புப் பெட்டி போட்டு. எஞ்சின் இல்லாமல் மூக்கைத் தூக்கினால் வேகம் போயிடும், செட்டை காத்தைப் பிடிக்காது, கல்லு மாதிரி விழும். முன்னூற்றி இருபது அடியில அப்பிடிச் செய்த ஆள் இந்தக் கதிரையில இருந்து கதைக்காது."

"பிள்ளை, செத்த ஆக்கள் இவ்வளவு கதைக்கிறேல்ல," என்றார் பத்திநாதர்.

"கூரையில ஒரு குழாய் இருக்கு," அவள் விடவில்லை. "இடப்பக்க இருக்கைக்கு மேல ரெண்டு இடத்தில பூச்சு உரிஞ்சிருக்கு. உங்கட வலக்கையில நவரத்தின மோதிரம், இடக்கையில பேர் எழுத்து மோதிரம். ரெண்டு கையையும் காட்டுங்கோ பாப்பம்."

ஜெயரூபன் கைகளை மடிக்குள் ஒளித்தார். ஐம்பத்து நான்கு வயது மனுசன், சோதனை மண்டபத்தில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி.

"எழுத்து மோதிரத்தின்ர இடுக்கில இன்னும் வெள்ளைப் பூச்சு கிடக்கு. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கேக்கயே கண்டனான். ரெண்டு கையாலயும் கூரையைப் பிடிச்சுத் தொங்கின ஆள், எந்தக் கையால ஓட்டினது?"

ஞானசவுந்தரி கையேட்டை விரித்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"'எஞ்சின் நின்றால் மூக்கைத் தள்ளு. திரும்பிப் போக நினையாதே. முன்னுக்கு என்ன இருக்கோ அதில் இறங்கு.'" குசினி வாசலைப் பார்த்தாள். "வடிவான எழுத்து, அக்கா."

பிரியவதனி வாசலில்தான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"உள்ள போ," என்றார் ஜெயரூபன்.

அவள் உள்ளே போகவில்லை. வந்து கணவனுக்கு எதிரே இருந்த கதிரையில் இருந்தாள்.

"நான்தான் இறக்கினனான்," என்றாள். "சுவிசில ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பறக்கப் பழகினம். எனக்கு முதல் தரத்திலயே பறக்கிற அனுமதிப் பத்திரம் தந்திட்டினம். இவருக்கு நாலாந்தரத்திலதான். அண்டைக்கு எஞ்சின் நிக்க, இவர் தடியை விட்டிட்டு மேல பிடிச்சிட்டார். கண்ணை மூடிக்கொண்டு 'என்னைக் காப்பாத்து, என்னைக் காப்பாத்து' எண்டார். 'எங்களை' எண்டுகூடச் சொல்லேல்ல. நான் என்ர பக்கத்துத் தடியைப் பிடிச்சு மூக்கைத் தள்ளினன். முன்னுக்குத் தண்ணி இருந்தது. அதில இறக்கினன்."

"பொய்!" ஜெயரூபன் எழும்பினார். "இவளுக்கு விசர். விழுந்ததில தலை அடிபட்டது..."

"உங்களுக்கு நெற்றி காயப்பட்டது கரைக்கு வந்த பிறகு," என்றாள் பிரியவதனி, குரல் உயர்த்தாமல். "மாலை போட வந்தவன்ர கமராவில இடிச்சது."

பத்திநாதர் அலுமாரிக்குள் கிடந்த காய்ந்த மாலையை எட்டிப் பார்த்தார்.

ஞானசவுந்தரி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மெச்சவேண்டிய ஆள்தான். ஆனால் மெச்ச மனம் வரவில்லை.

"மாலையை அவருக்குக் குடுத்தது உங்கட விருப்பம், அக்கா. சீனி டின் குறைஞ்சதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."



"ஓம்," என்றாள் பிரியவதனி. "அண்டைக்கு இரவே தெரியும்."

"அந்தப் பொடியன் உங்களுக்கும் சேர்த்துத்தான் கத்தினவன், மூடியில கை வையாதேங்கோ எண்டு. நீங்களும் அதில ஏறித்தான் போனனீங்கள். இவர் கூரையைப் பிடிச்சுத் தொங்கினவர். நீங்கள் எட்டு நாளா எதைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு இருந்தனீங்கள்?"

"அங்க முப்பது வருசம் இந்தாளை ஒருத்தரும் ஒரு ஆளா மதிக்கேல்ல. இஞ்சயாவது மதிக்கட்டும் எண்டு நினைச்சன். சும்மா ஒரு மாலைதானே எண்டு நினைச்சன். பொடியனைப் பிடிச்ச பிறகு, இண்டைக்கு விடுவாங்கள், நாளைக்கு விடுவாங்கள் எண்டு..." நிறுத்தினாள். "இதெல்லாம் ஒரு நியாயமில்லை எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் காணும். காரில இடம் இருக்கு."

பிரியவதனி எழும்பிச் செருப்பைப் போட்டாள். ஜெயரூபன் வழியை மறித்துக்கொண்டு நின்றார். குடும்ப மானம் என்றார், ஊர் என்ன சொல்லும் என்றார், மறுகிழமை நடக்க இருந்த பாராட்டு விழாவைச் சொன்னார். அவள் அவரைத் தள்ளவில்லை. கதவில் நிற்கிற மாட்டைச் சுற்றிப் போவது மாதிரிச் சுற்றிக்கொண்டு போய்க் காரின் முன் இருக்கையில் ஏறினாள்.

பத்திநாதர் தலைக்கவசத்தை ஒரு பையில் போட்டுக் கட்டினார். "தம்பி, முகத்தை நாங்கள் கொண்டுபோறம்," என்றார் ஜெயரூபனிடம். "மிச்சத்தை நீங்கள் வைச்சிருங்கோ."

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுத மூன்று மணித்தியாலம் எடுத்தது. சீனிப் போத்தலை ஆதாரமாக முத்திரையிட்டு வைத்திருந்த அதே சார்ஜன்ட், அதே மேசையில் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு, குழியை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். "நாங்களும் சந்தேகப்பட்டனாங்கள்தான்," என்றார். பத்திநாதர் ஏதோ சொல்ல வாயெடுக்க, ஞானசவுந்தரி அவருடைய காலை மிதித்தாள். பொலிசைத் திட்டுவது திங்கட்கிழமைக்குப் பிறகும் செய்யலாம்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நீதவான் கோப்பைப் புரட்டினார், வாக்குமூலத்தை வாசித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். பிரவீனன் விடுவிக்கப்பட்டான். பொய்ச் சான்று சோடித்ததற்காக ஜெயரூபனைக் கொண்டுவரும்படி உத்தரவானது. அவர் அதற்குள் நெஞ்சுவலி என்று படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இந்த நெஞ்சில் அப்படி என்ன இருந்து வலிக்கிறது என்று ஞானசவுந்தரிக்கு விளங்கவில்லை.

நீதிமன்ற வாசலில், வாகை மரத்தின் கீழ், பிரவீனனின் தாய் இரஞ்சிதம் மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பத்து நாளில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிரியவதனி கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு, நெடுந்தூரம் நடந்து வந்தவள் மாதிரி, அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி," என்றாள்.

பிரவீனன் அவளை நேராகப் பார்த்தான்.

"நீங்களோ இறக்கினது?"

"ஓம்."

"எந்தப் பக்கக் காத்து?"

"சோளகம். குறுக்கால அடிச்சது. கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

"சில்லு முதல்ல தண்ணியில பட்டதோ, வாலோ?"

"வால்."

அவன் தலையை ஆட்டினான். தான் பூட்டிய ஒவ்வொரு ஆணியும் அந்த நேரத்தில் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்கவேண்டும்.

"நல்லா இறக்கியிருக்கிறியள்," என்றான். "ஆரும் அதைவிட வடிவா இறக்கியிருக்க மாட்டினம்."

பிரியவதனியின் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"அரை நிமிசத்தில அவ்வளவு யோசிச்சனீங்கள், அக்கா," என்றான் பிரவீனன். "எட்டு நாள் உங்களுக்குப் போதாமல் போச்சு."

தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.